வெள்ளைமான் பேரால்

உபதேசியார் சவுரியப்பனுக்கு ஆண்டவர் எதைக் குறைத்துக் கொடுத்திருந்தாலும் தொண்டையைக் குறைத்துக் கொடுக்கவில்லை. கம்பைநல்லூரை ஒட்டி இருபது வீட்டுக் கிறிஸ்தவத் தெரு ஒன்று. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை குதிரை வண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் செபம், ஞானோபதேசம், புத்திமதி எல்லாம் இவர்தான். அந்தத் தொண்டைக்கு இருபது வீடு போதவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

சண்டைக்காலம், மண்ணெண்ணெய்க்கு ஊரே அல்லாடிய 1944-ஆம் வருஷம். கிருஷ்ணப்பன் என்பவர் ஏரிக்கரை மேட்டில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டார். அவருக்கு வந்து சேர்ந்ததோ ஆள் நடித்த படமல்ல. எழுதிய சித்திரங்களே ஓடி ஆடிப் பேசும் படம், அதுவும் முழுக்க இங்கிலீஷில். முதல் நாளே சனம் பாதியில் எழுந்து போயிற்று. கிருஷ்ணப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு யோசித்து, சேலத்து மிஷன் பள்ளியில் எட்டாவது படித்த சவுரியப்பனைப் பிடித்து வந்து, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லி, வாயில் வைத்துப் பேசும் தகரக் குழலைக் கையில் கொடுத்தார்.

படத்தில் ஒரு ராஜகுமாரி சூனியக்காரியின் சாபத்தால் கல்லாகிப் போகிறாள். காட்டிலிருந்து வரும் வெள்ளைக் கலைமான் ஒன்று அவளுக்காகத் தன்னையே வேடர்களிடம் ஒப்புக்கொடுக்கிறது. அதன் கொம்பில் முள்கொடி சுற்றிக்கொண்ட இடத்தில் சவுரியப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "அட, இது முள்முடியாச்சே!" என்று குழலுக்குள்ளேயே கத்திவிட்டார். அப்புறம் யார் நிறுத்துவது? மான் செத்துக் கிடக்க, திரையில் சூரியன் உதித்து உதித்து மறைந்தது. இவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்றாவது விடியலில் மான் எழுந்து, ஆற்றில் முங்கி வந்து, கொம்பிலிருந்து சொட்டிய தண்ணீரால் கல்லை நனைத்தது. ராஜகுமாரி கண் திறந்தாள்.

"பாத்துக்கோங்க! மானுன்னு நெனைக்காதீங்க, அவருதான் நம்ம சேசு சாமி! அந்தத் தண்ணிதான் ஞானஸ்நானம்!"

கொட்டகை அழுதது. மறுநாள் கூட்டம் நெருக்கியடித்தது. சவுரியப்பனும் தம் தெருவை ஒரு வீடு விடாமல் கூட்டிப் போய் மணலில் உட்கார வைத்தார். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது ஒரே நாளில் ஏறிவிட்டதே என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மணலில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தவள் ராமக்கா. அந்தத் தெரு இன்னாசியைக் கட்டி, போன வருஷம்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவள். படம் பார்த்த நாலாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. வருகிற ஞாயிறு சாமியார் கையால் ஞானஸ்நானம் என்று சவுரியப்பனே நாள் குறித்தார். சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு ஜன்னி கண்டது. இன்னாசி உபதேசியார் வீட்டுக்கு ஓடினான். பூட்டிக் கிடந்தது. உபதேசியார் கொட்டகையில் குழலோடு நின்றிருந்தார்.

அவர் வீடு திரும்பியபோது இன்னாசி மறுபடி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. "புள்ள போயிடுச்சுங்க" என்றான்.

சவுரியப்பன் ஓடினார். ராமக்கா குழந்தையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"தண்ணி ஏதாச்சும் ஊத்துனியாம்மா?"

"ஊத்துனனுங்க. மூச்சு இருக்கறப்பவே நெத்தியில ஊத்துனன்."

சவுரியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாகிற ஆபத்தில், உரிய வார்த்தையைச் சொல்லி யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும். குழந்தைக்கு மோட்சமும் உண்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடமும் உண்டு. "என்ன சொல்லி ஊத்துன?"

"நீங்க சொன்னதுதானுங்க. வெள்ள மானே, மூணா நாளு எந்திரிச்சவரே, எம்புள்ளயக் கழுவுங்கன்னு."

மான் பேரால் ஊற்றியது ஞானஸ்நானமாகச் செல்லாது.

"சிலுவை போடறப்ப பிதா, சுதன்னு சொல்லுவியே, அதைச் சொல்லக் கூடாதா?"

"தண்ணிக்கும் அதேதான்னு யாருங்க சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. எல்லாப் பொம்பளைகளும் கற்றுக்கொண்டால் அப்புறம் உபதேசியார் எதற்கு என்று ஒரு நினைப்பு அவருக்கு. அதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தமக்குத் தாமே சொல்லிப் பார்த்துக் கூசிப்போனார். மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

"காலையில சாமி கேட்டா, பிதா சுதன்னு சொல்லித்தான் ஊத்துனன்னு சொல்லிடும்மா."

ராமக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் அப்பிடிச் சொல்லலீங்களே. மானும் அவருதானுங்களே, அப்புறம் எதுக்குப் பொய்யி?"



காலையில் சாமியார் வந்தார். பூசைக்கு முன்பே விசாரித்தார். ராமக்கா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சாமியார் முகம் கறுத்தது.

"மான்தான் ஆண்டவர் என்று உனக்கு யார் சொன்னது?"

அவள் காட்டிக்கொடுக்கிற மாதிரி பார்க்கவில்லை. 'நீங்க எடுத்துச் சொல்லுங்க, சாமிக்குப் புரியும்' என்கிற நம்பிக்கையோடு உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சாமி சொன்னேன்" என்றார் சவுரியப்பன். "கொட்டகையில சொன்னேன். தப்பு என்னுது. அவ கூப்பிட்டது யாரைன்னு ஆண்டவருக்குத் தெரியாதா சாமி?"

சாமியார் கொடுமைக்காரர் இல்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஆண்டவருக்குத் தெரியலாம். அவர் அந்தப் பிள்ளையைக் கைவிட மாட்டார் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தை இல்லாமல் சுவருக்குள் அடக்கம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, சவுரியப்பன்."

சுவருக்கு வெளியே, ஊமத்தைச் செடி மண்டிய இடத்தில் இன்னாசி குழி வெட்டினான். மண்வெட்டிக்குச் சவுரியப்பன் கை நீட்டினார். இன்னாசி கொடுக்கவில்லை. செபம் சொல்ல வாயெடுத்தார். அந்தத் தொண்டை அன்றைக்கு வரவில்லை.

பகலில் கிருஷ்ணப்பன் ஆள் அனுப்பினார். சவுரியப்பன் வர முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, தெருப் பெண்களை எல்லாம் கோவில் முற்றத்துக்கு வரச் சொன்னார். குழந்தைக்குப் பதில் ஒரு சுரைக்காயைத் துணியில் சுற்றி மணைமேல் வைத்தார். பக்கத்தில் செம்பில் தண்ணீர். ஒவ்வொருத்தியாக வந்து ஊற்றினார்கள். ஒருத்தி தண்ணீரை ஊற்றிவிட்டு வார்த்தையை விட்டாள்; ஒருத்தி வார்த்தையைச் சொல்லிவிட்டு ஊற்ற மறந்தாள். சிரிக்க வேண்டிய காரியம்தான், யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ராமக்கா வந்து நின்றாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. "நீ வேணாம்மா, போய்ப் படு" என்றார். அவள் கேட்காத மாதிரி மணை முன்னால் உட்கார்ந்தாள். துணியை விலக்கி, இடது கையால் அந்தச் சுரைக்காயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தை ஒரு பிசகும் இல்லாமல் சொல்லி முடித்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"இவ்ளோதானுங்களா, உபதேசியாரே?" என்று கேட்டாள்.