காது கொடுத்த அறை

என் கணவரின் குரலைக் கேட்டால் ஊரே எழுந்து ஓடும். நான் அளக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். "புறப்படத் தயாராக உள்ளது" என்று ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொன்னால் போதும், குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். வீட்டில் மட்டும் அந்தக் குரலின் பருப்பு வேகாது. வீட்டில் பேசுகிறவள் நான். டியூஷன் எடுப்பவள், வாயை வைத்துப் பிழைப்பவள்.

அந்தக் குரல் ஒரு விடியற்காலையில் போய்விட்டது. முதல் வண்டிக்கு அறிவிப்புச் சொல்ல நடந்து போனவரை, நிலையத்தின் பின்பக்கச் சந்தில் ஒருவன் சுவரோடு அழுத்திக் கழுத்தை நெரித்தான். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஆள் பிடிபட்டான், காயமும் ஆறியது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் என்னோடு தனியாக இருக்கும்போது மட்டும் காற்றுப்போல நாலு வார்த்தை வரும். வாசலில் இன்னொருவர் நிழல் தட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும். போலீசுக்கே கழுத்தைப் பிடித்தான், பையைப் பறித்தான் என்று எழுதித்தான் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை.

பிடிபட்டவன் கதையைத் தலைகீழாகத் திருப்பினான். அது வழிப்பறியே இல்லையாம், வாய்த்தகராறாம். என் கணவர்தான் முதலில் கை ஓங்கினாராம். இவன் உயிருக்குப் பயந்து தடுத்தானாம். பை கீழே கிடந்ததாம். சந்தின் முனையில் ஒரு கேமரா இருந்தது. அதில் மங்கலாக என் கணவரின் முதுகும், அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுவதும் தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நடந்தது என்ன என்று என் கணவர் நீதிமன்றத்தில் சொன்னால்தான் வழக்கு நிற்கும். சொல்லாவிட்டால் அவன் வெளியே வந்து அதே சந்தில் நிற்பான். அதன்பிறகு இவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

இந்த நிலையில்தான் அரசாங்கம் எங்களுக்கு ஒரு பெண்மணியை அனுப்பியது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒரு மையம் இருக்கிறதாம். நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே அறை. அங்கிருந்து வந்த துணையாளர் அவர். "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சார்கூட இருப்பேன் டீச்சர். வழக்கு முடியற வரைக்கும்."

கூட இருப்பதற்கு ஒரு சம்பளமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன நாள் முதலாக அதை நான் இலவசமாகத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

வக்கீல், போலீஸ், மருத்துவர், மாடி வீட்டுக்காரர், பால் போடுகிறவர் எல்லோரும் கேட்ட ஒரு கேள்வியை அந்த அம்மாள் கேட்கவே இல்லை. "அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?" என்ற கேள்வி. தூங்குகிறாரா, வெளியே நடக்கிறாரா, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வேண்டுமா, அதையெல்லாம் விசாரித்தார். மறுநாளே ஆள் வந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டும் போனான். நடந்ததைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அக்கறை இல்லாத ஆள் என்று முடிவு கட்டினேன்.

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நானும் உட்கார முடியுமா? எனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினேன். டியூஷன் பிள்ளைகள் போனபிறகு, அவர்கள் உட்கார்ந்த அதே பாயில் இவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"கழுத்தைப் பிடிச்சதும் நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் பதில் சொல்லமாட்டார். பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

"என் உயிரைக் காப்பாத்திக்கத் திருப்பி அடிச்சேன். எங்கே, சொல்லுங்க."

"திருப்பி..." என்று காற்று வரும்.

"சத்தமா. இதுல என்னங்க வெட்கம்? கேமராவுலயே கை ஓங்கறது தெரியுதாமே. என் புருஷன் சும்மா நின்னு வாங்கிக்கிட்டு வர்ற ஆளா?"

உண்மையில் எனக்கு அதில் பெருமைதான். அடித்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். தெருவிலும் அப்படியே சொல்லிவைத்திருந்தேன். எத்தனையோ மக்குப் பிள்ளைகளைக் கரையேற்றியவள், இவரை ஏற்றமாட்டேனா? ஆனால் கேட்கக் கேட்க அந்தக் காற்றும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் இவருக்குப் பாடம் நடக்கும்போது துணையாளர் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"டீச்சர், இது வேண்டாம்."

"பின்னே? யாராவது தயார் பண்ணணும்ல. நீங்க ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கக்கூடாது. அதுதான் எங்க வேலையோட முதல் விதி. சாட்சி என்ன சொல்லப்போறார்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் முகம் அவருக்கு எடுத்துக்கொடுக்கும். அது அவர் வார்த்தையா இல்லாம போயிடும்."

"நான் நல்லதுக்குத்தான் சொல்லிக்கொடுக்கறேன்."

"தெரியும். ஆனா அவருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணை நீங்க எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. என் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கே பாடமா? ஆனாலும் அன்றோடு பாயைச் சுருட்டிவிட்டேன்.

விசாரணைக்கு முந்தைய வாரம், வழக்கு எதுவும் இல்லாத ஒரு மதியத்தில், எங்களை அந்த நீதிமன்ற அறைக்கே கூட்டிப்போனார். அப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்றே எனக்குத் தெரியாது. ஆளில்லாத அறை. துணையாளர் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். இங்கே நீதிபதி, இங்கே தட்டச்சர், இங்கே அவனுடைய வக்கீல். சாட்சிக்கூண்டுக்கும் அவன் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வைக்கக் கேட்டிருக்கிறோம், அவன் முகம் தெரியாது. நீங்கள் இந்தப் பக்கக் கதவால் வருவீர்கள், அவன் வேறு வழியாக வருவான், எந்த இடத்திலும் எதிரே வரமாட்டான். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். முடியாவிட்டால் நிறுத்தலாம், உட்காரலாம்.

"பேச வரலேன்னா எழுதிக் கொடுக்கவும் நீதிபதிகிட்ட அனுமதி கேக்கலாம் சார்."

இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். என் காதருகே குனிந்து, "என் வேலையே பேசறதுதான்" என்றார். பிறகு கூண்டில் ஏறி நின்று, பேருந்து நிலையத்தில் நிற்பதுபோல நெஞ்சை விரித்து, பயணிகளை அழைக்க வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். என்னால் பார்க்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தக் குரல்தான் வேணும்னு இங்க யாரும் கேக்கலை சார். வர்றது வரட்டும்" என்றார் துணையாளர்.

விசாரணை நாளில் சொன்னது சொன்னபடி நடந்தது. பக்கக் கதவு, மறைப்பு, தண்ணீர். துணையாளர் கூண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில், இவர் பார்வையில் படும்படி உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். தலையசைப்பு கிடையாது, கண்சாடை கிடையாது. நான் பார்வையாளர் வரிசையில், என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அரசு வக்கீலின் முதல் கேள்விகளுக்கு உதடு அசைந்தது. ஏதோ வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"எதுவும் காதில் விழவில்லை. சத்தமாகப் பேசச் சொல்லவேண்டும்."

எத்தனை தடவை நானே சொன்ன வார்த்தை. இப்போது அது இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

நீதிபதி இவரைப் பார்த்தார். பிறகு ஊழியரிடம், "ஃபேனை நிறுத்துங்க" என்றார்.

மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. சன்னல்களைச் சாத்தச் சொன்னார். தெருச் சத்தம் வெளியே நின்றுவிட்டது. ஒரு காவலர் வெளித் தாழ்வாரத்துக்குச் சென்று அங்கே பேசிக்கொண்டிருந்தவர்களை நகர்த்தினார். தட்டச்சர் தன் நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் நீதிபதியே தன் உயரமான மேசையின் மேல் முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து, "இப்ப சொல்லுங்க. அவசரம் இல்ல" என்றார்.

அரசாங்கம் என்றால் எனக்கு வரிசையும் சன்னலும் நாளைக்கு வா என்பதும்தான். அந்த அரசாங்கம் கறுப்பு அங்கியில் வியர்த்து வழிந்தபடி, ஒரு பேருந்து நிலைய அறிவிப்பாளரின் மூச்சுக் காற்றுக்காகக் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. இவ்வளவு பெரிய மௌனத்தை நான் பார்த்ததே இல்லை. அதை இவருக்காகச் செய்து கொடுத்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "கேமராவில் உங்கள் இரண்டு கைகளும் மேலே எழுவது தெரிகிறது. நீங்கள் கையை ஓங்கினீர்கள். இல்லையா?"

திருப்பி அடிச்சேன், திருப்பி அடிச்சேன் என்று என் நாக்கு வாய்க்குள் புரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தூக்கினேன்" என்றார் இவர். சின்னக் குரல். எனக்கே புதிதான குரல். ஆனால் அந்த அறையின் கடைசி வரிசையில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எதற்கு?"

இவர் தண்ணீரைத் தொடவில்லை. துணையாளரைப் பார்க்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். பிறகு கூண்டுக்குள் நின்றபடி இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கினார். நெற்றிக்கு நேரே வந்ததும் உள்ளங்கைகள் ஒன்று சேர்ந்தன.

"கும்பிட்டேன்" என்றார். "அடிக்கல. எனக்கு அடிக்கத் தோணவே இல்ல. விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். கழுத்தைப் பிடிச்சிருந்ததால சத்தம் வரல. அதான் கையால கேட்டேன். அப்பவும் விடல."

தட்டச்சர் விரல்கள் நின்றுவிட்டன. தட்டச்சைத் தொடரும்படி நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. வக்கீல் தன் தாள்களைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார், "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

இவர் கைகளைக் கீழே இறக்கவில்லை. இத்தனை மாதமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் தொண்டையில் வைத்துக்கொண்டு, நான் கொடுத்த வீரத்தை விழுங்க முடியாமல் தவித்திருக்கிறார். கெஞ்சினேன் என்று ஒரு மனிதர், அத்தனை பேர் முன்னால், மறைப்புக்கு அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டிருக்க, பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பிரமிப்பு வந்திருக்காது.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. பெரியவர் யாராவது உள்ளே வந்தால் நம்மையறியாமல் எழுந்து நிற்போமே, அப்படி நின்றுகொண்டிருந்தேன். காவலர் என்னைப் பார்த்தார், நீதிபதியும் பார்த்தார். உட்காரம்மா என்று யாரும் சொல்லவில்லை.