பதினாலாம் எண் சீட்டு

தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் அவள் கணவருக்குக் கால் தரையில் நிற்காது. தொழிலில் அவர் டைல்ஸ் பதிப்பவர். ஒரு கல் நூலிழை சாய்ந்திருந்தால்கூடப் பெயர்த்து மறுபடி வைக்கிற மனுஷர். ஆனால் கடைவாசலில் சிவப்பு எழுத்தில் 'பாதி விலைக்கும் கீழே' என்று ஒரு துணி தொங்கினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். வீட்டில் ஏழு துடைப்பம் சேர்ந்தது அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் போனது பெட்டி வாங்க. அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. ஒன்பது நாளில் விமானம் ஏற வேண்டும். போகிறவர் முதல் சம்பளம் அனுப்பும்வரை வீடு அவள் வருமானத்தில்தான் ஓடியாக வேண்டும்.

"பேசாம வா. உள்ள வந்து உன் ஃபேக்டரி புத்தியக் காட்டாத," என்றார் வாசலிலேயே.

"காட்டல. கையக் கட்டிக்கிட்டு வரேன், போதுமா?"

அவள் வேலை பார்த்தது பயணப் பெட்டி செய்யும் ஃபேக்டரியில். பத்தொன்பது வருடம். முதல் ஆறு வருடம் தையல் மிஷினில், அதற்கப்புறம் செக்கிங் மேசையில். தைத்து, சக்கரம் பூட்டி வருகிற பெட்டியின் ஜிப்பை மூன்று முறை சுற்றி ஓட்டிப் பார்ப்பாள். உள்ளே மணல் மூட்டையை வைத்து, பிடியைப் பிடித்துத் தூக்கி உலுக்குவாள். ஒற்றைச் சக்கரத்தில் சாய்த்து நிறுத்துவாள். தேறியதன் உள்பையில், தன் எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்திய வெள்ளைச் சீட்டு ஒன்றைப் போடுவாள். அவள் எண் பதினாலு. தேறாதவை கம்பிவலை அடித்த ஒரு அறைக்குப் போகும். அங்கே அவற்றை வெட்டிப் பிரித்து, உருப்படியான சக்கரத்தையும் ஜிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஸ்டாம்பைச் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

மூன்று மாதத்தில் அந்தப் பதினாலாம் எண்ணுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. பிடி பிய்ந்த பெட்டிகளை ஜனங்கள் கடைகளில் திருப்பிக் கொடுக்கிறார்களாம். திறந்து பார்த்தால் உள்ளே பதினாலாம் எண் சீட்டு இருக்கிறதாம். 'கடும் கவனக்குறைவு' என்று டைப் அடித்திருந்தது. மூன்றாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். முதல் கடிதத்துக்கு அவள் போய்க் கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். இரண்டாவதுக்கு ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை தூக்கி உலுக்கினாள். மணிக்கட்டு வீங்கியது. வயசாகிவிட்டது, கண் பார்த்ததைக் கை மறந்துவிடுகிறது என்று ராத்திரியில் கணவரிடம் அழுதிருக்கிறாள்.

கடைக்குள் நிற்க இடமில்லை. பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். மஞ்சள் பனியன் போட்ட விற்பனையாளர், கணவரின் முகத்தைப் பார்த்தவுடனேயே ஆளைப் புரிந்துகொண்டார்.

"சார், இது மூணு பெட்டி சேர்ந்த செட். பெரிசுக்குள்ள நடு, நடுவுக்குள்ள சின்னது. மூணும் சேர்த்தே ஒரு பெட்டி விலைதான் வருது."

"பாத்தியா!" என்றார் கணவர். "பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள பெட்டி."

"கடைசிப் பெட்டிக்குள்ள என்ன வைக்கப் போறீங்க? உங்க மூளையையா?"

"வாங்குற நேரத்துல வாயத் தெறக்காதன்னு சொன்னேன்ல?"

"கையத்தான கட்டிக்கிறேன்னு சொன்னேன்? வாய ஒண்ணும் சொல்லலியே."

பெட்டி நீல நிறம். அவள் ஃபேக்டரியின் சரக்கு. அதைப் பார்த்ததும் கட்டிய கை தானாக அவிழ்ந்தது. ஜிப்பை ஓட்டினாள், சரியாக ஓடியது. பிடியைப் பிடித்துத் தூக்கினாள். வெறும் பெட்டிதான், ஆனாலும் பிடியின் ஒரு முனை மட்டும் இம்மியளவு முன்னால் வந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பெட்டியைத் திறந்து, உள்துணியின் ஜிப்பை விலக்கி, பிடி தைத்த இடத்துக்குப் பின்னால் விரலை விட்டாள். அங்கே சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். ஒற்றைத் தையல்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் விரலில் ஒரு முடிச்சு இடறியது.

பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சிவப்பு நூல், இரண்டு முடிச்சு.

தேறாத பெட்டியில் சாக்பீஸால் ஒரு குறி போட வேண்டும் என்பதுதான் ஃபேக்டரி விதி. அவள் அதோடு நிறுத்துவதில்லை. வெட்டிப் பிரிக்கிறவர் தப்பு எங்கே என்று தேடிச் சலித்துக்கொள்ளக் கூடாது என்று, பழுதான இடத்தில் உள்துணிக்குப் பின்னால் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. வேறு யாரும் செய்வதுமில்லை. சாக்பீஸைத் துடைத்தவன் நூலைப் பார்க்கவில்லை.

உள்பைக்குள் கையை விட்டாள். வெள்ளைச் சீட்டு வந்தது. பதினாலு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் பதறிப்போனார்.

"என்னம்மா, மயக்கமா?"

"மயக்கம் இப்பத்தாங்க தெளிஞ்சுது. என் கண்ணு கெடல. நான் வேண்டாம்னு ஒதுக்கின பெட்டிய என் நம்பரக் குத்தியே வித்திருக்கானுங்க. வித்துட்டு எனக்கே லெட்டர் குடுத்திருக்கானுங்க."

விற்பனையாளர் குனிந்து, "மேடம், இதெல்லாம் கம்பெனியே செக் பண்ணின பீஸ். சீட்டப் பாருங்க, பதினாலாம் நம்பர் செக்கர் பாஸ் பண்ணிருக்காங்க," என்றார்.

"அந்தப் பதினாலு நான்தான்யா."

கணவர் மூன்று பெட்டிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூடி, ஓரமாக நகர்த்தி வைத்தார். தள்ளுபடிப் பொருளை அவர் கையால் திரும்ப வைத்ததை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

பக்கத்தில் ஒரு நர்ஸ், வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்தவர், அதே நீலப் பெட்டியை பில் போடுகிற இடத்துக்கு உருட்டிக்கொண்டு போக இருந்தார். இதைக் கேட்டதும் நின்றார்.

"அக்கா, அப்ப இது? நாளைக்கு ஊருக்குப் போறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஜிப், பிடி, சக்கரம், விரல். நூல் இருந்தது. சீட்டை உருவி மடியில் வைத்துக்கொண்டு, "வேணாம்மா. பாதி வழியில பிடி உங்க கையில இருக்கும், பெட்டி ரோட்டுல இருக்கும். அதோ, அந்தக் கறுப்ப எடுத்துட்டு வாங்க," என்றாள். கறுப்பைப் பார்த்தாள். "இது நல்ல பெட்டி. இந்த விலைக்குத் தாராளமா வாங்கலாம்."

அவ்வளவுதான். அடுத்து ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி, அதற்குப் பின்னால் வரிசை.

"தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க," என்று கணவர் கையை நீட்டி ஒழுங்குபடுத்தினார். "பெட்டியத் தெறந்து வச்சுக்குங்க. கூட்டம் போட்டா வெளிச்சம் மறைக்குது பாருங்க."

கடை மேனேஜர் ஓடிவந்தார். "யாருங்க நீங்க? இது கடையா, ஆஸ்பத்திரியா?"

"நோயாளிங்கள அடுக்கி வச்சது நீங்கதானே சார்," என்றார் கணவர்.

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் பெட்டி வேணும்னா பாத்துச் சொல்றேன்," என்றாள் அவள், தலை நிமிராமல். "சார், நான் உங்க வியாபாரத்தக் கெடுக்க வரல. நல்லத நல்லதுன்னுதான் சொல்றேன். இதுவரைக்கும் எட்டு பெட்டி என் வாயால வித்திருக்கு, பில்லுல பாருங்க."

அவர் பார்த்தார். உண்மைதான். அவள் தேறியது என்று சொன்ன பெட்டியை எல்லாருமே பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மேனேஜர் போனை எடுத்து ஃபேக்டரிக்கு அடித்தார். கொஞ்சம் பேசிவிட்டு அவளிடம் நீட்டினார். மறுமுனையில் சூப்பர்வைசர். ஃபேக்டரியில் எல்லாரும் அவனை நெட்டை என்பார்கள்.

"பதினாலு, நீ அங்க என்ன பண்ற?"

"வேலை பாக்குறேன் சார். லீவு நாள்ல, சம்பளமில்லாம."

"வெளையாடாத. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

"பேசலாம் சார். எங்கிட்ட இப்பவே பதினோரு சீட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் நான் ஒதுக்கின பெட்டியிலேருந்து எடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என் ஸ்டாம்ப் யாரு டிராயர்ல தூங்குதுன்னு கொஞ்சம் யோசிச்சு வையுங்க."

மறுமுனை வைத்துவிட்டது.

மேனேஜர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்தார். "முதல் தரம்னு சொல்லித்தாம்மா எனக்கும் குடுத்தாங்க." அது எவ்வளவு தூரம் நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்ப எழுதித் தாங்க," என்றாள். அவர் தயங்கினார். வரிசையைப் பார்த்தார். பதினோரு சீட்டின் முதுகிலும் கடை முத்திரையைக் குத்தி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நூல் கட்டிய நீலப் பெட்டிகளில் ஒன்றையும் கொடுத்து, ஆளை விட்டால் போதும் என்பதுபோல் கும்பிட்டார்.

கணவருக்கு அவள் எடுத்துக் கொடுத்தது மாநிறத்தில், பார்வைக்கு மொண்ணையாக, தள்ளுபடியே அதிகமில்லாத ஒரு பெட்டி. நான்கு தரம் தூக்கி உலுக்கிவிட்டுத்தான் கொடுத்தாள். "பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற," என்று அவர் சிரித்தார். இரண்டு வருடம் முடிய நாலு மாதம் இருக்கும்போது, அங்கே ஒரு விபத்தில் அவர் பிழைக்கவில்லை என்ற சேதிக்குப் பின்னால் அந்தப் பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது. பிடியில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் பக்கத்தில்தான் இருந்தார். பஸ்ஸில் இரண்டு பெட்டியையும் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை நானும் வரவா?" என்றார்.

"வேணாம். நீங்க வந்தா அங்கயும் வரிசை கட்டுவீங்க."

திங்கட்கிழமை அவள் மேசைக்குப் போகவில்லை. நேராக நெட்டையின் அறைக்குப் போய், நீலப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். உள்துணியை விலக்கி நூலைக் காட்டினாள். சீட்டுகளைக் கடை முத்திரை தெரியக் கவிழ்த்து அடுக்கினாள்.

நெட்டை கதவைச் சாத்தினான். "இத இவ்ளோ பெரிசு பண்ணணுமா? யாரோ தெரியாமப் பண்ணிட்டாங்க." ஃபைலிலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் எடுத்து, அவள் கண்ணெதிரே கிழித்துக் கூடையில் போட்டான். "போச்சு. திருப்திதானே? போய் வேலையப் பாரு."

"கிழிச்சாப் போதாது சார். எழுதித் தாங்க."

"அதான் இல்லன்னு ஆயிடுச்சே!"

"குத்தம் சொன்னது எழுத்துல. இல்லன்னு சொல்றது மட்டும் வாயாலயா?"

அவன் கத்திப் பார்த்தான். அவள் நின்றாள். வெளியே அவளுடைய செக்கிங் மேசையில் பெட்டிகள் குவிந்துகொண்டிருந்தன. பதினாலாம் எண் சீட்டில்லாமல் அவை நகர முடியாது. லாரிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். யாரோ கதவைத் தட்டி, "சார், லைன் நிக்குது," என்றார். நெட்டை ஒரு தாளை இழுத்து எழுதி, அவள் பக்கம் தள்ளினான்.

'தவறுதலாக வழங்கப்பட்ட எச்சரிக்கைகள் ரத்து செய்யப்படுகின்றன.' புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். திரும்பத் தள்ளினாள்.

"லெட்டர் வேணா தவறுதலா வந்திருக்கலாம். பெட்டி தவறுதலாப் போகல."

இரண்டாவது தாள். 'செக்கிங் பிரிவில் ஏற்பட்ட குழப்பத்தால்' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

"செக்கிங் பிரிவுன்னா நான்தான் சார். எங்கிட்ட குழப்பமில்ல. கம்பிவலை ரூம் சாவி எங்கிட்ட இல்லவும் இல்ல."

நெட்டையின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியது. ஹாரன் மறுபடி அடித்தது. மூன்றாவது தாளில் நிதானமாக எழுதினான். 'பதினாலாம் எண் செக்கர் நிராகரித்த பெட்டிகள், அவருக்குத் தெரியாமல், அவருடைய எண் இட்டு விற்பனைக்கு அனுப்பப்பட்டன. குற்றம் அவருடையதல்ல.' கீழே கையெழுத்துப் போட்டான்.

அவள் இரண்டு முறை படித்தாள். வாசகம் சரி. ஒன்றுதான் குறை.

"நம்பர் யாருக்கு வேணாப் போகும் சார். பேரு போடுங்க."

அவன் பேனாவைத் தாளில் வைத்தான். பேனா அங்கேயே நின்றது. காதோரம் சிவந்தது.

"உன் பேரு… முழுப் பேரு என்ன?"

பத்தொன்பது வருடம். அவள் இனிஷியலோடு சொன்னாள். அவன் எழுதி முடிக்கும்வரை பேனா முனையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.