ஒத்துப்போகாத இரண்டு கருவிகள்

குத்துவிளக்கேற்றி, வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிட்டது. இயற்பியல் கருத்தரங்கில் பரிமளா பேச எழுந்தபோது கீழே பந்தி தொடங்கியிருந்தது. கூட்டம் சாம்பார் வாசனையின் பின்னாலேயே இறங்கிப் போயிற்று. அறிவுப்பசிக்கு அவ்வளவுதான் மரியாதை.

அரியலூரில் தனியாகக் குடியிருந்துகொண்டு, பெரம்பலூரில் கருத்தரங்கு நடக்கும் இந்தக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறவள் பரிமளா. பல வருஷமாக அவளுக்கு ஒரே கேள்விதான் துணை. குவாண்டம் உலகில் சில அளவீட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட இரண்டின் வேலையையும் ஒரே கருவியால் சேர்த்துச் செய்ய முடியாது. கருவிகளைப் பிரித்துப் பார்க்காமல், ஒளியை அனுப்பியே அந்த மாதிரி ஜோடியைக் கண்டுபிடிக்க அவள் ஒரு சோதனை வகுத்திருந்தாள். சக ஆசிரியர்கள் படிக்காமலே "அருமை மேடம்" என்பார்கள். யாராவது ஒருத்தர் முழுசாகக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கிப்போயிருந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து போகவில்லை. வாசலில் புத்தகக் கடை போட்டிருந்தவரின் மனைவி. மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பரிமளா நினைத்தாள். ஆனாலும் பேசி முடித்தாள்.

"ஒரு தப்பு இருக்குங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு கருவிக்கும் எப்பவும் ஒரே ஒரு நிலையில இருக்கிற ஒளியத்தானே அனுப்புறீங்க? அப்படின்னா எந்த ஜோடியும் ஒத்துப்போற மாதிரிதான் காட்டும். வேற வேற நிலையில அனுப்புனாத்தான் குட்டு வெளிப்படும்."

பரிமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரி இருட்டறையில் இருப்பது ஒரே சோடியம் விளக்கு. எல்லாக் கருவியையும் அதில் வைத்தே பார்த்துப் பழகிய கை, கணக்கிலும் ஒரே நிலையோடு நின்றுவிட்டது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி.ங்க. அப்புறம் கல்யாணம்."

இருவரும் கரும்பலகைக்கே போய்விட்டார்கள். குழந்தை பரிமளாவின் தோளுக்கு மாறியது. சாக்பீஸ் அந்தப் பெண்ணின் கைக்குப் போனது. ஒருத்தி தொடங்கிய வரியை மற்றவள் முடித்தாள். பரிமளா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு!" வாசலிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில், திருத்திய கணக்கு பரிமளாவுக்கு மடமடவென்று கூடி வந்தது. சரியாகவே வந்தது. உடனே அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் உறைத்தது: ஊர் எதுவென்று கேட்கவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை.