சகலையின் லோயர் ஆர்ம்

என் மச்சினியின் கணவர், அதாவது என் சகலை, மலையேறும் எஸ்யூவி வைத்திருக்கிறார். நான் வைத்திருப்பது தண்ணீர் கேன் ஏற்றும் பிக்கப். மாமனார் வீட்டு கேட்டுக்குள் ஒரு வண்டிக்குத்தான் நிழல். அது யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? என் வண்டி தெருவில் வெயில் காயும்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சேஸிஸ். மேலே தகரம்தான் வேறு. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.

"கேன் வண்டியையும் இதையும் ஒண்ணா பேசாதீங்கண்ணா. இது தனி டிசைன்" என்றார் சகலை. மாமனாரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரை மலைப்பாதையில் கூட்டிப்போவதாகச் சகலை பீற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆட்டோவில் என் ஷெட்டுக்கு வந்து இறங்கினார். ஒத்திகை பார்க்கிறேன் பேர்வழி என்று வண்டியைப் பள்ளத்தில் விட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை வளைத்துவிட்டாராம்.

"கம்பெனியில ஒரு மாசம் ஆகும்ங்கறான். உங்க வண்டியோடது கிடைக்குமாண்ணா?"

"உங்களுது தனி டிசைனாச்சே தம்பி!"

"மானத்தை வாங்காதீங்கண்ணா."

"தர்றேன். ஆனா ரெண்டும் ஒரே சேஸிஸ்னு மாமாகிட்ட உங்க வாயால சொல்லணும்."

"சத்தியமா சொல்றேன்."

என் வண்டியில் கழற்றி, அவர் வண்டி நின்ற இடத்துக்குக் கொண்டுபோய் மாட்டினோம். கனகச்சிதமாக உட்கார்ந்தது. என் வண்டி ஜாக்கியில் ஒற்றைக்காலில் நின்றதைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

மறுநாள் நானும் மனைவியும் பஸ்ஸில் போய் மாமனார் வீட்டு வாசலில் காத்திருந்தோம். எஸ்யூவி தெருமுனையில் திரும்பியது.

கிறீச்... கிறீச்...

என் லோயர் ஆர்மின் தேய்ந்த ரப்பர் புஷ்! தண்ணீர் வந்துவிட்டது என்று அந்தத் தெரு தெரிந்துகொள்வதே அந்தச் சத்தத்தை வைத்துத்தான். சகலை கேட்டுக்குள் நுழைந்ததும் குளியலறையிலிருந்து மாமனார் கத்தினார்.

"பெரிய மாப்ளே! வண்டியை வெளியில எடுங்க! சின்ன மாப்ளே வர்ற நேரம்!"

அதற்குள் பக்கத்து வீட்டம்மா காலி கேனோடு ஓடிவந்து எஸ்யூவி கண்ணாடியைத் தட்டினார். "எனக்கு ரெண்டு கேன்!"

மாமனார் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். வண்டியில்லாமல் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

சகலை இறங்கினார். "மாமா... ரெண்டும் ஒரே சேஸிஸ்தான்."

"எந்த சேஸிஸா இருந்தா என்னங்க, தண்ணி இருக்கா இல்லையா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இவ்வளவு நாளா அவர் வண்டி மட்டும் ஏன் வெயில்ல நின்னுச்சு?"

எனக்குச் சிரிப்பு பாதி, அழுகை பாதி.