பசிக்க வேண்டிய கன்றுகள்

நுண்ணோக்கியில் தெரிந்த வேர் கழுவித் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. பூஞ்சை இழை ஒன்றுகூட இல்லை. அடுத்த வேரும் அப்படித்தான்.

மலைவேம்பின் வேர் பூஞ்சையை உள்ளே அழைத்துக்கொள்ளும். பூஞ்சை மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, தேடிக் கொண்டுவரும். பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கும். அந்த அழைப்புக்கென்றே வேரில் சில மரபணுக்கள் உண்டு. எந்தத் தாய்மரத்தின் கன்றுகளில் அவை நன்றாக வேலை செய்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கன்றுகளை ஒரு விவசாயியின் நிலத்தில் இரண்டு வருடமாக வளர்க்கிறேன். உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி.

மரபணுச் சோதனையிலும் அந்த மரபணுக்கள் அத்தனையும் வேலை செய்யாமல் வாயை மூடிக்கொண்டிருந்தன.

"மண்ணுல மணிச்சத்து எக்கச்சக்கமா இருந்தா வேர் எதுக்குப் பூஞ்சையைக் கூப்பிடப் போகுது, ஃபெமினா?" என்றார் என் வழிகாட்டி பெனடிக்ட் சார். சத்தில்லாத மேட்டாங்காடு என்றுதானே அந்த நிலத்தைத் தேடிப் பிடித்தேன்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு பஸ் ஏறினேன். நிலத்துக்காரர் லட்சுமணசாமி வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்க அம்மணி. கன்னுக எப்படி நிக்குதுன்னு பாருங்க."

கருகருவென்று நின்றன. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதும் போட வேண்டாம்னு சொன்னேனேங்க."

"ஒவ்வொரு தண்ணிக்கும் டிஏபி உரம் கொஞ்சம் வெச்சுப்போட்டேனுங்க. கன்னுக சோனியா, நோஞ்சானா நின்னுச்சுங்க. என்ற காட்டுக்கு வந்தது வாடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"அதுகளுக்குப் பசிக்கணுங்க. பசிச்சாத்தான் பூஞ்சையைக் கூப்பிடும். நீங்க உரத்துல மணிச்சத்தை ஊட்டி ஊட்டி என்ற ரெண்டு வருசத்தையும் தொலைச்சுப்போட்டீங்க."

கத்தும்போதும் 'ங்க' போட வேண்டியிருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொன்னீங்க, நான் இல்லைங்கலீங்க. ஆனா வாரப்பல்லாம் சோறும் வேண்டாம்னுதானுங்க சொல்றீங்க. எலையப் போட்டா உக்காந்து சாப்பிட்டுப்போட்டுத்தான போறீங்க. உங்க வேண்டாம்ல எது நெசமுன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அம்மணி, வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க," என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி கூப்பிட்டார்.

"வேண்டாங்க," என்றேன். நிஜமாகவே வேண்டாம்.

உள்ளே இலையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.