முள்ளை இழுத்த இரும்பு

வண்டன்மேட்டின் மேலைச் சரிவில் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். ஓங்கிய மரங்களின் நிழலில் தோளுயரம் வளர்ந்த ஏலச்செடிகள் மழைநீர் சொட்ட நிற்க, பள்ளத்தில் எழுந்த மூடுபனி ஓடையை மறைத்து, ஒற்றையடிப் பாதையை மறைத்து, மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது. எழுபத்து நான்காம் ஆண்டின் ஐப்பசி மாலை அது. அழகிய மாலைதான், அன்பரே. ஆனால் அதைக் கண்டு களிக்கும் நிலையில் கத்தரீனாள் இல்லை.

அவளைப் பெற்றவள் இக்காட்டு மண்ணில்தான் எங்கோ புதைந்து கிடந்தாள். தோட்டம் திருத்திய தொடக்க நாளில், கொள்ளைக்காய்ச்சலில் மாண்டோரை, கல்லில் சிலுவை வெட்டிய குருசடி ஒன்றைச் சுற்றிப் புதைத்துவிட்டு, கைக்குழந்தையாயிருந்த அவளையும் தூக்கிக்கொண்டு, எஞ்சியோர் வேறு மலைக்கு ஓடினர். இடத்தைக் காடு மூடிக்கொண்டது. நாளை அச்சரிவை வெட்டிச் சாலை போடப்போகிறார்கள். "பொழுது சாயறதுக்குள்ள எடத்தக் காட்டுங்க, ரோட்டத் திருப்பச் சொல்லுதேன். இல்லன்னா என்னால ஆகாது" என்று கங்காணி யாக்கோபு கையை விரித்துவிட்டு, ஓடைக்கரையில் காத்திருந்தார்.

அவள் கணவன் பாஸ்கல், பங்குத்தந்தையிடம் பழைய நிலப்படத்தையும், சாலை அளக்க வந்தவர்களிடம் திசைகாட்டியையும் இரந்து வாங்கி வந்திருந்தான். ஓடைகள் கூடுமிடத்திலிருந்து நேர் வடக்கே ஏறினால் பிளந்த பாறை, அதனடியில் குருசடி. படம் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும், திசைகாட்டியை இடுப்போடு அணைத்துப் பிடித்து முள் காட்டிய வழியே ஏறிய இருமுறையும் அவர்கள் சதுப்பில் போய்த்தான் நின்றார்கள். பாழாய்ப்போன முள்! படம் வரைந்தவனைப் பாஸ்கல் வாய்க்கு வந்தபடி வைதான்.

மீண்டும் ஏறுகையில், வழுக்குப்பாறையைப் பற்ற இரு கையும் வேண்டியிருந்ததால், திசைகாட்டியை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கியதும் முள் வேறு பக்கம் திரும்பி நின்றது. அவனிடம் கொடுத்துப் பார்த்தாள். பழைய பக்கமே சாய்ந்தது. கத்தரீனாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் இடுப்பில் அரிவாள் இருந்தது. செத்தவர்கள் கிடக்கும் இடத்துக்கு இரும்பில்லாமல் போனால் பேய் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சி, அவன் வேண்டாமென்றும் கேளாமல், அதைச் செருகிவிட்டவள் அவளேயன்றோ!

"ஏங்க, முள்ளு அருவாளப் பாத்துல்ல திரும்புது. தூரப் போடுங்க."

"இருட்டப்போவுது. இரும்பில்லாம அங்க போவ ஒனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். ஆனா அங்க கெடக்கது எங்கம்மால்லா?"

அவளே அதை உருவிப் பள்ளத்தில் எறிந்தாள். முள் நிலைத்தது. கீழே பனிக்குள்ளிருந்து யாக்கோபு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, மறுமொழி சொல்லவும் மூச்சின்றி, வேரைப் பற்றியும் மண்ணில் முழங்காலூன்றியும் இருவரும் ஏறினார்கள். கதிர் மலைவிளிம்பைத் தொட்ட வேளையில் பிளந்த பாறை தெரிந்தது. அதன் அடியில், பாசி படர்ந்த கல்லில், அவள் விரல்களுக்குச் சிலுவையின் வெட்டு தட்டுப்பட்டது.

"எடம் இருக்கு, மேல வாங்க" என்று பாஸ்கல் குரல் கொடுத்தான். மூச்சு வாங்க வந்துசேர்ந்த யாக்கோபு கல்லைக் கண்டதும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, "திருப்பச் சொல்லிருதேன்" என்றார்.

பெற்றவளுக்கு அஞ்சி ஏந்திய இரும்புதான் அவளைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தது. அதை எறிந்த கையாலேயே பாசியை வழித்துத் துடைத்த கத்தரீனாள், நினைவறிந்த நாள்முதல் ஒருவரையும் நோக்கிச் சொல்ல வாய்க்காத சொல்லை, தாழ்ந்த குரலில், முதன்முறையாகச் சொன்னாள்: "அம்மா."