லிஃப்ட்காரரின் காய்கறி நோட்டு

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்து என்னைத் திட்டாதீர்கள். அன்றாடம் சாப்பிடும் காய்கறிகளின் சத்துகளைப் பற்றி ஒரு பத்திரிகை கட்டுரை கேட்டது. மனைவி ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன், விஷயம் வீட்டிலேயே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். இப்படித் தொடங்கினேன்:

"கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறுகிறது. துளி எண்ணெயோடு சமைத்தால்"

இதற்கு மேல் ஓடவில்லை. அடுத்த அறையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

2.
அவள் படித்துக்கொண்டிருந்தது ஒரு நோயாளியின் நோட்டு. அவளிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் தினமும் சாப்பிட்டதை எழுதி வாரம் ஒருமுறை காட்ட வேண்டும். இவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். (ஒரு கால்விரலையும். இவர்மேல் பொறாமைப்படுகிறவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

அவள் குளிக்கப் போனதும் புரட்டினேன்.

"செவ்வாய். பீன்ஸ் ஒரு கிண்ணம். முற்றல். நார்ச்சத்து என்று மேடம் சொன்னதால் மென்றேன், பாதிக்கு மேல் முடியவில்லை. புதன். பீட்ரூட் நறுக்கினேன். கையெல்லாம் சிவப்பு. வெட்டிக்கொண்டாயா என்று கேட்க ஆளில்லை. வெந்த பிறகு இனிப்பாகத்தான் இருந்தது."

பதினொரு புத்தகம் எழுதியிருக்கிறேன்.* இப்படி நாலு வரி எனக்கு வாய்த்ததில்லை. வயிறு எரிந்தது. [முதலில் 'சற்றே வருத்தமாக இருந்தது' என்று எழுதி அடித்தேன்.] என் புத்தகம் எதிலும் அவள் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

* வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். என் எட்டாவது நாவலைப் பற்றியும் ஒரு விமர்சகர் இதையேதான் சொன்னார்.

3.
அந்த ஆளைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். "லிஃப்ட்காரர் மெல்ல அவள் கையைப்"

அடச்சே. அவருக்கு ஏது நேரம், கீரை ஆய்வதிலேயே பொழுது போய்விடுகிறது.

வேறொரு கிறுக்குத்தனம் செய்தேன். புது நோட்டு வாங்கி, கையெழுத்தை மாற்றி, ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி அவளுடைய நோட்டுக் குவியலில் செருகினேன். "திங்கள்: பசலைக்கீரை ஒரு கிண்ணம், அதன் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சைச் சாறு. செவ்வாய்: முட்டைக்கோஸ் ஒரு கிண்ணம், வைட்டமின் சி வீணாகாமல் லேசாக வேகவைத்தது." நடுநடுவே உவமைகள்கூட வைத்தேன்.

4.
என் நோட்டை இரண்டாம் பக்கத்தில் மூடி என் முன்னால் போட்டாள்.

"இது நீங்கதானே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"பொய் எழுதுறவங்க நோட்டுல எதுவும் மிச்சமே ஆகாது. எல்லாம் முழுக் கிண்ணம். நீங்க கீரையத் தொட்டே நாலு மாசமாச்சு."

"அவர் நோட்ட மட்டும் கடைசி வரைக்கும் படிக்கிற."

"அவருக்குத் திடீர் திடீர்னு சர்க்கரை இறங்குது. எந்த வேளை சாப்பிடாம விட்டார்னு தேடித்தான் வரிவரியாப் படிக்கிறேன்."

"அப்புறம் எதுக்குச் சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கும் உங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?" பிறகு அவளே கேட்டாள்: "சரி, நீங்க எழுதுறதுல நான் எதைத் தேடணும்? சொல்லுங்க, தேடுறேன்."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தக்காளியைச் சமைத்தால் அதன் செந்நிறச் சத்தான லைக்கோபீன் உடலில் எளிதாகச் சேரும். அதை அப்போது சொல்ல முடியாது.

5.
கட்டுரை கைவிட்டுப் போய் இது வந்தது. முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் இதைப் படித்துக் கண் கலங்குகிறாள். அடித்துவிட்டேன், பொய். இன்னொன்றில் லிஃப்ட்காரரும் நானும் நண்பர்களாகி ஒன்றாகக் காய்கறி வாங்கப் போகிறோம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

ஆகவே இன்றைய கணக்கை மட்டும் உள்ளபடி எழுதுகிறேன்.

"வெள்ளி. கேரட் இரண்டு துண்டு. மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். நீ எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய், நோட்டுகளைத் திருத்திக்கொண்டு. நான் சாப்பிட்டேனா என்று நீ பார்க்கவில்லை."

இந்தக் கடைசித் தாளைத் தவிர மற்ற தாள்களைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அவள் எடுத்துவிட்டாள், மூன்றாவது தாளில் இருக்கிறாள். இந்த வரிவரைக்கும் வருவாளா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் வந்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால், கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பது உங்களை இல்லை.